‘இம்யூன் பேலன்ஸ்’ மாத்திரை: யாருக்குத் தேவை, யாருக்கு ஆபத்து?

மந்தாரக்குப்பம் கடைவீதியில் ஷிப்ட் முடிகிற நேரத்தில் மருந்துக் கடைகளில் கூட்டம் கூடும். சர்க்கரை மாத்திரை, காய்ச்சல் மாத்திரை என்று சீட்டோடு வருபவர்களுக்கு நடுவே, சீட்டு இல்லாமல் கேட்பவர்களும் உண்டு: “அண்ணே, அடிக்கடி சளி பிடிக்குது. இம்யூனிட்டிக்கு நல்லதா ஏதாவது குடுங்க.” கடைக்காரர் எடுத்து வைப்பது பெரும்பாலும் வைட்டமின் சி, ஜிங்க், வைட்டமின் டி அல்லது இவை எல்லாம் கலந்த ஒரு கேப்ஸ்யூலாக இருக்கும். போனில் வரும் விளம்பரம் இன்னொரு படி மேலே போய்விட்டது. ‘இம்யூனிட்டி பூஸ்டர்’ பழைய சொல்லாகிவிட்டது. இப்போதைய சொல் ‘இம்யூன் பேலன்ஸ்’.

இந்தக் கேள்வி நெய்வேலிப் பகுதிக்கு மட்டும் உரியதல்ல. ஆனால் சுரங்கமும் அனல்மின் நிலையமும் இரவு பகலாக ஓடும் ஊரில் அதற்குக் கூடுதல் எடை உண்டு. ஷிப்ட் மாறி மாறி வேலை, பகல் தூக்கம், புழுதி, ஒரு நாள் படுத்தால் அன்றைய கூலி போய்விடும் என்கிற பயம். இப்படி இருப்பவருக்கு “தினம் ஒண்ணு போட்டா போதும்” என்கிற வாக்குறுதி ரொம்பவே கவர்ச்சியானது.

அது உண்மையா? சுருக்கமான பதில் இதுதான்: உடம்பில் ஒரு சத்து குறைவாக இருந்தால் அந்தக் குறையை நிரப்பும் மாத்திரை பலன் தரும். குறையே இல்லாதவருக்கு நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டித் தரவோ, ‘பேலன்ஸ்’ செய்து தரவோ நிரூபிக்கப்பட்ட மாத்திரை எதுவும் கடையில் இல்லை. சிலருக்கு அந்த முயற்சியே ஆபத்தாக முடியலாம். விரிவான பதிலைப் பார்ப்போம்.

எதிர்ப்பு சக்தி என்பது டேங்கில் நிரப்புகிற தண்ணீரா?

‘எதிர்ப்பு சக்தி குறைஞ்சிடுச்சு, ஏத்தணும்’ என்று பேசுகிறோம். மொபைல் சார்ஜ் மாதிரி ஒரே ஒரு அளவு இருப்பதாக நினைப்பதால் வரும் பேச்சு இது. உண்மையில் அது ஒரு பெரிய படை. காவலுக்கு நிற்கும் செல்கள் வேறு, கிருமியை அடையாளம் காணும் செல்கள் வேறு, ஆன்டிபாடி தயாரிக்கும் செல்கள் வேறு. இவற்றோடு, “போதும், நிறுத்து” என்று சொல்கிற செல்களும் இருக்கின்றன.

அந்த ‘போதும்’ செல்களைப் பற்றிய ஆய்வுக்குத்தான் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்காவின் மேரி பிரங்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல், ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி ஆகிய மூவரும் அதைப் பகிர்ந்துகொண்டார்கள். ‘ரெகுலேட்டரி டி செல்’ என்று அழைக்கப்படும் இந்தச் செல்கள், நம் சொந்த உறுப்புகளையே படை தாக்கிவிடாமல் பார்த்துக்கொள்கின்றன. அவை சரியாக வேலை செய்யாவிட்டால் முடக்குவாதம், டைப் 1 சர்க்கரை நோய், சொரியாசிஸ், லூபஸ் போன்ற தன்னுடல் தாக்கு நோய்கள் வருகின்றன.

அதாவது, கார் நன்றாக ஓட ஆக்ஸிலரேட்டர் மட்டும் போதாது, பிரேக்கும் வேண்டும். அந்த வகையில் ‘பேலன்ஸ்’ என்ற சொல் ‘பூஸ்ட்’ என்பதைவிட அறிவியலுக்கு நெருக்கமானது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சொல்லை அறிவியலிடமிருந்து எடுத்துக்கொண்ட விளம்பரம், அதற்கான நிரூபணத்தை எடுத்துவரவில்லை. ‘உங்கள் இம்யூனிட்டி இவ்வளவு’ என்று ஒரே எண்ணில் சொல்லும் ரத்தப் பரிசோதனையே கிடையாது. ஒவ்வொரு டெஸ்டும் படையின் ஒரு பிரிவைத்தான் காட்டும். அளக்க முடியாத ஒன்றை ஒரு மாத்திரை சமன் செய்துவிட்டது என்று யார், எப்படிச் சொல்ல முடியும்?

கரோனா கற்றுத்தந்த பாடம் என்ன?

2020இல் நாடே ‘இம்யூனிட்டி’ என்ற சொல்லை மந்திரம் மாதிரி உச்சரித்தது. ஆனால் அதே ஆண்டு ஜூன் மாதம் பிரிட்டனின் ‘ரெகவரி’ ஆய்வு வெளியிட்ட முடிவு அந்த மந்திரத்துக்கு நேர் எதிரானது. தீவிர கரோனா நோயாளிகளின் உயிரைக் காப்பாற்றியது டெக்ஸாமெத்தசோன் என்கிற பழைய, விலை குறைந்த ஸ்டீராய்டு. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்ஸிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களின் இறப்பை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைத்தது.

இந்த மருந்தின் வேலையே எதிர்ப்பு சக்தியை அடக்குவதுதான். தீவிர நிலையில் பலரின் நுரையீரலைக் கெடுத்தது வைரஸ் மட்டுமல்ல, அதை எதிர்க்கக் கிளம்பி அடங்க மறுத்த அவர்களுடைய சொந்தப் படையும்தான். அதே சமயம், ஆக்ஸிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கு அந்த ஸ்டீராய்டு பலன் தரவில்லை.

‘பேலன்ஸ்’ என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. ஒரே மருந்து, ஒரே நோய். ஆனால் ஒரு கட்டத்தில் உயிர் காக்கிறது, இன்னொரு கட்டத்தில் பயனில்லை. எந்த நேரத்தில் படையை முடுக்க வேண்டும், எப்போது அடக்க வேண்டும் என்பது ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். எல்லோருக்கும் ஒரே டப்பா என்பது இந்தக் கணக்குக்குள் வராது.

வைட்டமின் சி, ஜிங்க்: ஆய்வுகள் சொல்வது என்ன?

வைட்டமின் சி சளியைத் தடுக்கும் என்ற நம்பிக்கையைப் பரப்பியவர் சாதாரண ஆள் இல்லை. இரண்டு நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங், 1970இல் இதற்காகவே ஒரு புத்தகம் எழுதினார். அதற்குப் பிறகு நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் அமைப்பு 2013இல் வெளியிட்ட முடிவு இது: தினமும் வைட்டமின் சி எடுப்பதால் பொதுவானவர்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை. பிடித்த சளி பெரியவர்களுக்குச் சுமார் 8 சதவீதம் சீக்கிரம் தீர்ந்தது. ஏழு நாள் சளி ஆறரை நாளில் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். சளி வந்த பிறகு மாத்திரை தொடங்கியவர்களுக்கு அந்தப் பலனும் உறுதியாகத் தெரியவில்லை. மாரத்தான் ஓடுபவர்கள், கடும் குளிரில் பயிற்சி எடுத்த வீரர்கள் ஆகியோருக்கு மட்டும் சளி பிடிப்பது பாதியாகக் குறைந்தது.

ஜிங்க்? அமெரிக்காவின் க்ளீவ்லேண்ட் க்ளினிக் 214 கரோனா நோயாளிகளிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2021 பிப்ரவரியில் வந்தது. தினம் 50 மி.கி. ஜிங்க், 8,000 மி.கி. வைட்டமின் சி, இரண்டும் சேர்த்து, எதுவும் இல்லாமல் என நான்கு பிரிவு. நோய் தீரும் வேகத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தொடர்ந்து நடத்திப் பயனில்லை என்று ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அப்படியானால் “எனக்கு அது கேட்டுச்சே!” என்று சொல்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. ஆரோக்கியமான பெரியவர்களுக்கே வருடத்துக்கு இரண்டு, மூன்று முறை சளி பிடிப்பது இயல்பு. ஒரு வாரத்தில் அது தானாகப் போகும். அந்த வாரத்தில் எதைச் சாப்பிட்டோமோ, பெயர் அதற்குப் போய்விடுகிறது.

வைட்டமின் டி விஷயம் வேறு என்கிறார்களே?

கொஞ்சம் வேறுதான். ‘பேலன்ஸ்’ என்ற சொல்லுக்கு ஓரளவு நியாயம் செய்யும் ஆய்வு ஒன்று உண்டென்றால் அது ‘வைட்டல்’. அமெரிக்காவில் நடுத்தர வயதைத் தாண்டிய 25,871 பேர் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கண்காணிக்கப்பட்டார்கள். அவர்களில் தினம் 2,000 ஐ.யூ. வைட்டமின் டி எடுத்தவர்களுக்குத் தன்னுடல் தாக்கு நோய்கள் 22 சதவீதம் குறைவாக வந்தன என்று 2022இல் முடிவு வெளியானது.

22 சதவீதம் என்றால் பெரிதாகத் தெரியும். எண்ணிக்கையில் பாருங்கள்: வைட்டமின் டி எடுத்த சுமார் 12,900 பேரில் 123 பேருக்கு நோய் வந்தது. வெற்று மாத்திரை எடுத்த அதே அளவு ஆட்களில் 155 பேருக்கு வந்தது. அதாவது, ஐந்து வருடம் 400 பேர் விடாமல் சாப்பிட்டால் ஒருவருக்கு நோய் தவிர்க்கப்படுகிறது. மாத்திரையை நிறுத்திய பிறகு அந்தப் பலன் நீடிக்கவில்லை என்பதும் பின்னர் தெரிந்தது. நல்ல தகவல்தான். ஆனால் எல்லோரும் டப்பா வாங்க ஓடுவதற்கான தகவல் இல்லை.

சளி, இருமலைத் தடுக்குமா என்ற கேள்விக்கு, அதே 2022இல் வந்த பிரிட்டனின் ‘கரோனாவிட்’ ஆய்வு பதில் சொன்னது. 6,200 பேர் கலந்துகொண்ட அந்த ஆய்வில், ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருந்தவர்களைக் கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தும், கரோனாவோ மற்ற சுவாசத் தொற்றுகளோ குறையவில்லை.

இதற்காக வைட்டமின் டி வேண்டாம் என்று அர்த்தமில்லை. எலும்புக்கும் தசைக்கும் அது கட்டாயம் வேண்டும். நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் கதவைச் சாத்தித் தூங்குபவர், வெயிலே படாமல் ஆபீஸில் இருப்பவர் ஆகியோருக்குக் குறை இருக்க வாய்ப்பு அதிகம். எலும்பு வலி, தசை பலவீனம் இருந்தால் டாக்டரிடம் கேட்டுப் பரிசோதித்து, குறை இருந்தால் எடுக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: 60,000 ஐ.யூ. பாக்கெட் பொதுவாக வாரத்துக்கு ஒன்று, அதுவும் டாக்டர் சொல்லும் வாரங்களுக்கு மட்டும். அதைத் தினம் ஒன்று என்று எடுத்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் வரை பாதிக்கும்.

குறை இருந்தால் கதை வேறு

இதுவரை பார்த்த ஏமாற்றமான முடிவுகளில் பல, பெரும்பாலும் வயிறாரச் சாப்பிடும் ஆட்களிடம் நடந்த ஆய்வுகளில் வந்தவை. பசியும் சத்துக் குறைவும் இருக்கும் இடத்தில் சத்துக்கு இருக்கிற பலமே வேறு. அதற்கு நம் நாட்டிலேயே பெரிய சான்று இருக்கிறது.

ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் வீடுகளில் நடந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வு 2023இல் லான்செட் இதழில் வெளியானது. நோயாளியோடு ஒரே வீட்டில் இருக்கும் 10,345 பேர் அதில் இருந்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஆறு மாதம் அரிசி, பருப்பு, நுண்சத்துகள் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. மற்றவருக்குப் பரவக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. எதிர்ப்பு சக்திக்கு எந்த மாத்திரை விளம்பரமும் சொல்லத் துணியாத எண் இது. அதைச் சாதித்தது முதன்மையாக அரிசியும் பருப்பும்.

நெய்வேலிக்குப் பக்கத்திலேயே இருக்கும் வடலூரில் 1867இல் தருமசாலையைத் தொடங்கிய வள்ளலார், பசியை ஒரு பிணியாகப் பார்த்தார். ஒன்றரை நூற்றாண்டு கழித்து, காசநோய் விஷயத்தில் ஆய்வுகளும் அதே பக்கம் வந்து நிற்கின்றன. காசநோயாளிகளுக்குச் சத்துணவுக்காக மத்திய அரசு ‘நிக்ஷய்’ திட்டத்தில் மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. தமிழக அரசு 2022இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லா திட்டம்’, உடல் எடை மிகவும் குறைந்த நோயாளிகளைத் தொடக்கத்திலேயே அடையாளம் கண்டு மருத்துவமனையில் சேர்க்கிறது.

இங்கேதான் மாத்திரையின் மறைமுக ஆபத்தும் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வியர்வை இருக்கும் ஒருவர், ‘இம்யூனிட்டி குறைஞ்சிருக்கு’ என்று மூன்று மாதம் கேப்ஸ்யூல் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அந்த மூன்று மாதமும் காசநோய்க்குக் கொடுத்த அவகாசம். வீட்டில் இருக்கும் குழந்தைக்கும் சேர்த்துத்தான். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம்.

சர்க்கரை நோயும் அப்படித்தான். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023இல் கணக்கிட்டது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்குப் புண் ஆறாது, தொற்று அடிக்கடி வரும். அவருக்குத் தேவைப்படுவது எதிர்ப்பு சக்தி மாத்திரை அல்ல, சர்க்கரைக்கான சிகிச்சை.

“மூலிகைதானே, என்ன பண்ணிடப் போகுது?”

தமிழ்நாட்டில் இம்யூனிட்டி என்றதும் மாத்திரைக்கு முன்னால் நினைவுக்கு வருவது கபசுரக் குடிநீர். 2020 ஏப்ரலில் தமிழக அரசு ‘ஆரோக்கியம்’ திட்டத்தின் கீழ் கபசுரக் குடிநீர், நிலவேம்புக் குடிநீர்ப் பொடிகளை வழங்கத் தொடங்கியது. தெருமுனையில் பெரிய பாத்திரத்தில் காய்ச்சி ஊற்றியதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சுக்கு, திப்பிலி, ஆடாதோடை, நிலவேம்பு, சீந்தில் தண்டு உட்பட 15 சரக்குகள் கொண்டது அது. சித்த மருத்துவத்தில் அதற்கென்று அளவும் நாள் கணக்கும் உண்டு. ‘தினமும் டீ மாதிரி குடி’ என்று எந்த சித்த மருத்துவரும் சொல்வதில்லை.

அளவும் நாளும் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு சீந்திலே உதாரணம். வடக்கே ‘கிலோய்’ என்று சொல்வார்கள். கரோனா காலத்தில் நாடு முழுவதும் பலர் அதன் தண்டைக் கொதிக்கவைத்தும் சாறு, மாத்திரையாகவும் மாதக்கணக்கில் எடுத்தார்கள். 2020 இறுதியில் கல்லீரல் பாதிப்போடு வந்த ஆறு பேரைப் பற்றி மும்பை கல்லீரல் மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். 2022இல் நாடு முழுவதும் 13 மையங்களிலிருந்து 43 நோயாளிகளின் விவரம் வெளியானது. தன்னுடல் தாக்கு நோய் போலவே எதிர்ப்புப் படை கல்லீரலைத் தாக்கும் வடிவத்தில்தான் பலருக்கும் பாதிப்பு இருந்தது. ஆயுஷ் அமைச்சகம் இந்த முடிவை ஏற்கவில்லை. சீந்தில் பாதுகாப்பானது, அதைப் போலவே இருக்கும் வேறு கொடியைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கலாம் என்றது.

விவாதம் எந்தப் பக்கம் முடிந்தாலும் நமக்கான பாடம் ஒன்றுதான். ஒரு மூலிகை உண்மையிலேயே எதிர்ப்பு சக்தியைத் தூண்டுகிறது என்றால், ஏற்கெனவே தன் உடம்பையே தாக்கிக்கொண்டிருக்கும் எதிர்ப்பு சக்தியையும் அது தூண்டும். அது எதையுமே செய்யாது என்றால், காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ‘நல்லதை மட்டும் தூண்டும், பக்க விளைவே கிடையாது’ என்பது விளம்பரத்தில் மட்டும் நடக்கும் விஷயம்.

அமுக்கராவுக்கும் (அஸ்வகந்தா) இது பொருந்தும். தைராய்டு உட்பட ஹார்மோன்களைப் பாதிக்கலாம் என்ற கவலையில் டென்மார்க் 2023இல் அதைத் தடை செய்தது. மஞ்சளை எடுத்துக்கொண்டால், குழம்பில் போடும் மஞ்சள் வேறு, மிளகுச் சத்து சேர்த்து உடம்பில் அதிகம் ஏறும்படி செய்யப்பட்ட குர்குமின் கேப்ஸ்யூல் வேறு. பின்னதால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் அமெரிக்காவில் பதிவாகியிருக்கிறார்கள்.

யாரெல்லாம் கேட்காமல் எடுக்கவே கூடாது?

- முடக்குவாதம், லூபஸ், சொரியாசிஸ், தைராய்டு போன்ற தன்னுடல் தாக்கு நோய் உள்ளவர்கள்.
- சிறுநீரகம் அல்லது கல்லீரல் மாற்று அறுவை செய்துகொண்டவர்கள். இவர்கள் எதிர்ப்பு சக்தியை அடக்கத்தான் மாத்திரை சாப்பிடுகிறார்கள். அதைத் தூண்டும் பொருள் மாற்று உறுப்புக்கே எதிரியாகலாம்.
- சிறுநீரகக் கல் வந்தவர்கள், சிறுநீரகம் பலவீனமானவர்கள். அதிக அளவு வைட்டமின் சி கல்லை மீண்டும் வரவைக்கலாம்.
- ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள்.
- கீமோதெரபியில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள்.

டாக்டரிடம் போகும்போது “வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க?” என்று கேட்டால், சப்ளிமென்ட், கஷாயம், பொடி எல்லாவற்றையும் சொல்லுங்கள். ‘அது மருந்து இல்லையே’ என்று விட்டுவிடுவதால்தான் பல பாதிப்புகள் தாமதமாகத் தெரிகின்றன.

டப்பாவில் எதைப் பார்க்க வேண்டும்?

பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருந்தாலும் அலமாரியில் இருப்பவை மூன்று வெவ்வேறு சட்ட வழிகளில் வந்தவை. முதலாவது, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் கீழ் வரும் அலோபதி மருந்து. இரண்டாவது, ஆயுஷ் உரிமம் பெற்ற சித்த, ஆயுர்வேத மருந்து. மூன்றாவது, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கீழ் வரும் ‘ஹெல்த் சப்ளிமென்ட்’.

மூன்றாவது வகை சட்டப்படி உணவு. 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும், ‘மருந்தாகப் பயன்படுத்துவதற்கல்ல’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்க வேண்டும். டப்பாவின் முன்பக்கம் ‘இம்யூன் பேலன்ஸ்’ என்று பெரிதாகவும், பின்பக்கம் ‘மருந்தாகப் பயன்படுத்துவதற்கல்ல’ என்று சிறிதாகவும் இருந்தால், சட்டப்படி நம்ப வேண்டியது பின்பக்கத்தைத்தான். உரிம எண் இருப்பதால் அந்தப் பொருள் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று அரசு சான்று கொடுத்ததாகவும் அர்த்தமில்லை.

விளம்பரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு தமிழ்நாட்டுத் தொடர்புள்ள வழக்கே உண்டு. 2020இல் பதஞ்சலியின் ‘கொரோனில்’ மாத்திரை மீது, அதே பெயரை முன்பே பதிவு செய்திருந்த சென்னை நிறுவனம் ஒன்று வணிக முத்திரை வழக்கு தொடர்ந்தது. ஆகஸ்ட் 6 அன்று தீர்ப்பளித்த உயர் நீதிமன்றத் தனி நீதிபதி, மக்களின் பயத்தைப் பயன்படுத்தி லாபம் தேடுவதாகக் கண்டித்து 10 லட்சம் ரூபாய் செலவுத் தொகை விதித்தார். அந்த உத்தரவை இரு நீதிபதிகள் அமர்வு பின்னர் நிறுத்திவைத்தது. வழக்கு பெயரைப் பற்றியது என்றாலும், பயம் எப்படி விற்பனையாகிறது என்ற கேள்வி நீதிமன்றம் வரை போனது.

அடுத்தது அளவு. ஐ.சி.எம்.ஆரின் 2020 பரிந்துரைப்படி பெரியவர்களின் ஒரு நாள் தேவை இது:

- வைட்டமின் சி: ஆண் 80 மி.கி., பெண் 65 மி.கி.
- ஜிங்க்: ஆண் 17 மி.கி., பெண் சுமார் 13 மி.கி.
- வைட்டமின் டி: 600 ஐ.யூ.

இதோடு டப்பாவில் இருக்கும் எண்ணை ஒப்பிடுங்கள். சப்பிச் சாப்பிடும் 500 மி.கி. வைட்டமின் சி, ஆறு நாள் தேவைக்கு மேல். உடம்பு தேவையற்றதைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். காசும் அதோடு போகும். ஜிங்க் அப்படியல்ல. ஒரு நாளைக்கு 40 மி.கி.க்கு மேல் நீண்ட நாள் எடுத்தால் உடம்பில் செம்புச் சத்து குறைந்து, ரத்தசோகையும் கை கால் மரத்துப்போவதும் வரலாம். மல்ட்டிவைட்டமின் ஒன்று, ஜிங்க் தனியாக ஒன்று, புரோட்டீன் பவுடரில் கொஞ்சம் என மூன்று டப்பாக்களில் ஒரே சத்து ஒளிந்திருக்கும். கூட்டிப் பாருங்கள்.

அதே காசுக்கு வேறு என்ன கிடைக்கும்?

100 கிராம் கொய்யாவில் 200 மி.கி.க்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. ஒரு நாள் தேவைக்குப் பாதிப் பழமே போதும். பண்ருட்டி முந்திரி பக்கத்திலேயே கிடைக்கிறது, ஒரு கைப்பிடியில் ஒன்றரை மி.கி. ஜிங்க் உண்டு. முட்டை, மீன், கொண்டைக்கடலை, எள், கீரை ஆகியவை மீதியைப் பார்த்துக்கொள்ளும். உணவில் சத்து அளவு மீறி ஏறுவது அபூர்வம்.

மாத்திரையில் வராத ஒன்று தூக்கம். அமெரிக்காவில் 164 பேரின் தூக்கத்தை ஒரு வாரம் அளந்து, பிறகு மூக்கில் சளி வைரஸைச் சொட்டுவிட்டு ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2015இல் முடிவு வந்தது. ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிடச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்கு அதிகம். ஷிப்ட் மாறும் வாரத்தில் அடிக்கடி உடம்பு படுத்துகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பகலில் தூங்குபவருக்கு இருட்டான அறை, அணைத்து வைத்த போன், வீட்டாரின் ஒத்துழைப்பு ஆகியவை எந்தக் கேப்ஸ்யூலையும்விட மேல். ஆனால் தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்க்க வேண்டியிருக்கும் ஒருவரிடம் ‘நல்லாத் தூங்குங்க’ என்று சொல்வது மட்டும் தீர்வாகாது. அது வேலை அட்டவணை போடுபவர்களும் யோசிக்க வேண்டிய விஷயம்.

எதிர்ப்புப் படைக்கு எந்த எதிரி என்று சரியாகக் காட்டிப் பயிற்சி கொடுக்கும், நிரூபிக்கப்பட்ட வழி தடுப்பூசி. குழந்தைகளுக்கு அட்டவணைப்படி போடுகிறோம். வயதானவர்கள், சர்க்கரை, நுரையீரல் நோய் உள்ளவர்கள் ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேட்கலாம்.

கடைசியாக, வாங்குவதற்கு முன் நான்கு கேள்வி

1. எனக்கு எந்தச் சத்து குறைவு? அது டெஸ்டிலோ டாக்டர் பார்த்தோ தெரிந்ததா, விளம்பரம் பார்த்துத் தோன்றியதா?
2. எனக்கு இருக்கும் நோய், நான் சாப்பிடும் மருந்து ஆகியவற்றோடு இது ஒத்துப்போகுமா?
3. எவ்வளவு அளவு, எத்தனை நாள்? எப்போது நிறுத்த வேண்டும்?
4. இந்த மாத்திரையை நம்பி, செய்ய வேண்டிய பரிசோதனை எதையாவது தள்ளிப்போடுகிறேனா?

முதல் மூன்றுக்கும் தெளிவான பதில் இருந்தால் தாராளமாக வாங்கலாம். குறையை நிரப்பும் சப்ளிமென்ட் நல்ல மருத்துவம்தான், அதில் வெட்கமோ சந்தேகமோ தேவையில்லை. நான்காவது கேள்விக்கு ‘ஆமாம்’ என்பது பதிலாக இருந்தால், மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்வாருங்கள்.